பள்ளி மேலாண்மைக் குழுவில் பிள்ளைகள் உடல்நலத்துக்கு என்ன கேட்கலாம்? (முக்கூடல் பக்கம்)

கடனாநதி | ஞாயிறு இரவு

முக்கூடல் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. வருகிற முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ‘மாணவர் உடல்நலம்’ என்று ஒரு பொருளைத் தலைமையாசிரியர் சேர்த்திருக்கிறார். நல்ல மனிதர், ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் கூட்டம் எப்படிப் போகும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஒருவர் மருத்துவ முகாம் என்பார், ஒருவர் பேரணி என்பார், ஒருவர் கட்டுரைப் போட்டி என்பார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவோம்.

நான் பார்ப்பது வேறு. பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் நிறைய வேப்பமரத்து மூட்டில்தான் கிடக்கிறது. மகள் காலையில் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும், அங்கே போக முடியாது என்கிறாள். மோட்டார் ஓடினால்தான் குழாயில் தண்ணீர், மோட்டார் என்றைக்கு ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுவரிலேயே ‘சுத்தம் சுகம் தரும்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது.

பணம் அதிகம் கிடையாது. ஒரு கூட்டத்தில் ஒன்றிரண்டு விஷயம்தான் நகரும். எதைக் கேட்டால் பலன் இருக்கும்? பள்ளிக்கூடத்தோடு பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹெச்செம் | ஞாயிறு இரவு

தம்பி, திட்டம் இல்லை என்று மட்டும் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். திட்டம் ஏராளமாக இருக்கிறது. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று மாடு மேய்த்த பையனிடம் காமராஜர் கேட்டாராம். போனால் சோறு போடுவீர்களா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். நம் பக்கம் இதைச் சொல்லாத ஆள் இல்லை. அது நடந்த விதம் எப்படியோ, 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தது வரலாறு. எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார், 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார்கள். பிறகு முட்டை வந்தது, 2010இலிருந்து வாரம் ஐந்து நாளும் முட்டை. 2022இல் காலை உணவு தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது.

இது போக, 2013இலிருந்து சிறார் நலத் திட்டத்தில் வேன் போட்டு டாக்டர் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. கண், பல், காது, இதயக் கோளாறு எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளி நலத் திட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை என்று இரண்டு பேருக்கு உடல்நலப் பாடம் சொல்லப் பயிற்சி கொடுக்க வேண்டும். பதினொரு தலைப்பு. சாப்பாடு, மனநலம், போதைப்பொருள், இணையத்தில் பாதுகாப்பு என்று எல்லாம் அதில் உண்டு. உங்கள் பள்ளியில் அந்த இரண்டு பேர் யார் என்று கூட்டத்தில் கேளுங்கள். காகிதத்தில் பெயர் இருந்து, அந்த வாத்தியாருக்கே அது தெரியாமல் இருக்கவும் கூடும்.

வேன் வந்து போனதும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. ‘மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை’ என்று எழுதிக் கொடுத்த சீட்டு எத்தனை, அதில் எத்தனைப் பிள்ளைகள் உண்மையில் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடி எழுதிக் கொடுத்த பையன் வருஷக் கடைசியிலும் முன் பெஞ்சில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். புது முகாம் கேட்பதைவிட, போன முகாமின் சீட்டுகளைக் கேளுங்கள்.

சுளகுக்காரி | ஞாயிறு இரவு

பாத்ரூம் கதவில் கொண்டி இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள். தண்ணீர் வந்தாலும் கொண்டி இல்லாவிட்டால் எந்தப் பொம்பளைப் பிள்ளையும் உள்ளே போகாது. என் மகள் பள்ளியில் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்டர்வல் அதிலேயே முடிந்துவிடுகிறது. அண்ணாச்சி எல்லாரும் திட்டம் திட்டம் என்று எழுதுகிறீர்கள், ஒரு கொண்டிக்குத் திட்டம் இல்லை.

கிராம செவிலி | திங்கள் காலை

மாத்திரை விஷயத்துக்கு நான் வருகிறேன். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இருந்துதான் சில பள்ளிகளுக்குப் போகிறது, அதனால் அது எங்கே கெடுகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் வீசுவது திமிரினால் இல்லை. கொடுக்கிற நேரம் தப்பு. பல பள்ளிகளில் காலைப் பிரேயரிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், கணக்கெடுப்பது சுலபம். ஆனால் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு நிற்கும். இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில் போனால் குமட்டும், வயிற்றைப் பிரட்டும், சிலருக்குத் தலை சுற்றும். ஒருத்தி வாந்தி எடுத்தால் போதும், அதைப் பார்த்த வகுப்பு முழுக்க அடுத்த வாரம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாயில் போடுவது மாதிரி காட்டும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை, தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்னொன்று, மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது இயல்பு, பயப்பட ஒன்றும் இல்லை. இதை யாரும் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஒரு ஊரில் அதைப் பார்த்துப் பயந்துபோய், அப்புறம் இது குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை என்று யாரோ கிளப்பிவிட்டு, நான் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டியதாயிற்று. ஒரு நிமிஷம் செலவழித்து முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே கிளம்பியிருக்காது.

கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பிள்ளைக்குக் காலையில் உப்புமாவும் கிடையாது, பொங்கலும் கிடையாது. அதே ஆறாம் வகுப்பில்தான் நீல மாத்திரை தொடங்குகிறது, பெரும்பாலும் அந்த வயதை ஒட்டித்தான் பிள்ளைகள் பெரியவளாகவும் ஆகிறார்கள். ரத்தம் அதிகம் தேவைப்படுகிற வயதில் காலை வயிறு காலி. அந்த வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் சொன்னபடி கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.

கேட்பவர்களுக்காகக் கணக்கும் சொல்கிறேன். நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அது 10 முதல் 19 வயதுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் கலர், 45 மில்லிகிராம். வாரம் ஒன்றுதான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. இரண்டில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருப்பாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வகுப்பில் தூங்கி விழுவாள், டீச்சர் சோம்பேறி என்பார்.

மாத்திரை போட்டதும் டீ, காபி கூடாது, ஒரு மணி நேரமாவது போகட்டும். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சாப்பாட்டோடு சேர்ந்தால் நல்லது. பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் கொடுக்கிற பூச்சி மாத்திரையையும் விடக்கூடாது. கொக்கிப் புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறுகிறது, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது. அது உள்ளே இருக்கும்போது மாத்திரை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

வாழைத்தோப்பு | திங்கள் காலை

எங்கள் ஆச்சி காலத்தில் மாத்திரையா இருந்தது? பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி, பச்சை முட்டை. எல்லாரும் திடமாகத்தான் இருந்தார்கள்.

கிராம செவிலி | திங்கள் மதியம்

உளுந்தங்களி கொடுங்கள், நானும் என் மகளுக்குக் கொடுத்தேன். உளுந்தில் புரதம் உண்டு, நல்லெண்ணெயும் நல்லதுதான். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். ஆனால் களி கொடுப்பது ஏழெட்டு நாள், அதுவும் சடங்கு வரைக்கும். ரத்தம் போவது மாதா மாதம். அப்புறம், ஆச்சி காலத்தில் திடமாக இருந்தவர்களைத்தான் நாம் பார்த்தோம். பிரசவத்தில் போனவர்களை நாம் பார்க்கவில்லை.

மேலப்பாளையத்தான் | திங்கள் மாலை

எல்லாரும் கோவித்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்தின் வேலை பாடம் நடத்துவது. சாப்பாடு, மாத்திரை, நாப்கின், கண்ணாடி, மனநலம் எல்லாவற்றையும் வாத்தியார் தலையில் கட்டினால் அவர் எப்போது கணக்கு நடத்துவார்? ஏற்கெனவே ஆன்லைனில் ஆயிரம் விவரம் ஏற்றுகிறார்கள். உடல்நலம் பெற்றோர் பொறுப்பு. வீட்டில் சொல்லிக் கொடுக்காததைப் பள்ளியில் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சுளகுக்காரி | திங்கள் இரவு

அண்ணாச்சி, மேலப்பாளையத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். உங்கள் தெருவிலும் பீடி சுற்றுகிற வீடு இருக்கும். நான் காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டுச் சுளகை மடியில் எடுத்தால் ராத்திரி வரைக்கும் எழுந்திருக்க முடியாது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. ஆயிரம் முடியாவிட்டால் கடைக்குக் கொண்டுபோக முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டும், முனை மடக்கும். வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? சொல்ல ஆசைதான். புகையிலைத் தூள் மூக்கில் ஏறி அதுவும் தும்மும், நானும் தும்முவேன். குனிந்தே இருந்து அதன் முதுகும் என் முதுகு மாதிரி ஆகிறது. இந்த வீட்டில் நான் எதைச் சொல்லிக் கொடுக்க?

பள்ளிக்கூடத்தில் வந்து யாராவது சொன்னால் அது என் காதுக்கும் வந்துசேரும். வெறுங்கையால் தூளைத் தொட்டாலே அதிலிருக்கிற நிக்கோட்டின் தோல் வழியாக உடம்புக்குள் போகும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றைத் தொடாதே என்று என் மகள்தான் எனக்குச் சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவளுடைய டீச்சர். இத்தனை வருஷமாக எனக்கு பீடி கொடுக்கிற கடையில் ஒருத்தரும் சொல்லவில்லை.

மேலப்பாளையத்தான் | திங்கள் இரவு

சரி அக்கா, இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் உம்மா சுற்றியவர்தான். ஆனால் வாத்தியார் நேரம் என்று நான் சொன்னது நிற்கிறது.

ஹைகிரவுண்டு மாணவி | செவ்வாய் மதியம்

நான் அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். வாத்தியாருக்குக் கூடுதல் நேரம் வேண்டாம், இருக்கிற பாடத்தை நடத்தினாலே போதும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஹார்மோன், மாதவிடாய், பருவ வயதில் சாப்பாடு, சுத்தம் எல்லாம் அதில் உண்டு. பத்தாம் வகுப்பில் உடல்நலமும் நோய்களும் என்று ஒரு பாடம். புகையிலை, மது, சர்க்கரை நோய், குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல் வரைக்கும் பேசுகிறது. அது புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கிடக்கிறது. பொதுத்தேர்வு அவசரத்தில் ‘முக்கிய வினாக்கள்’ எழுதிப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்புப் பாடத்தை எங்களுக்கு ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள்.

யாராவது வந்து பேசினாலும் பெண் பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பையன்களை விளையாட அனுப்பிவிடுவார்கள். பையன்களுக்கும் அந்த வயதில் குரல் உடைகிறது, முகப்பரு வருகிறது, ராத்திரியில் நடப்பது என்னவென்று புரியாமல் பயப்படுகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது போன்தான். போன் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் தனித்தனியாகப் பேசுங்கள், கூச்சம் போகட்டும். அப்புறம் ஒருமுறை எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்து அந்த எட்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துங்கள். பாவாடையில் கறை பட்டதைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொன்னதே இல்லை.

நாப்கின் பற்றி ஒரு கணக்கு. அரசு இலவசமாக நாப்கின் கொடுக்கிற புதுயுகம் திட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. மொத்தம் 108. மாதத்துக்குப் போட்டால் 9. ஐந்து நாளுக்கு ஒன்பது என்றால் ஒரு நாளைக்கு இரண்டு கூட வரவில்லை. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்றுதான் நாங்கள் படிக்கிறோம். ஆகவே ‘கொடுக்கிறார்களே’ என்று விட்டுவிடாமல், அவசரத்துக்குப் பத்திருபது நாப்கினைப் பள்ளியிலேயே ஒரு டீச்சரிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். போடுவதற்கு மூடி போட்ட வாளி. எரிக்கிற மெஷின் எல்லாம் கேட்காதீர்கள், கரண்ட் இல்லாமல் துருப்பிடித்து நிற்கிறதைப் பார்த்தாயிற்று. மூடி போட்ட வாளியும் அதை எடுத்துக் கொட்ட ஓர் ஆளும் இருந்தால் போதும்.

கடனாநதி | செவ்வாய் இரவு

நன்றிம்மா. ஒரு சந்தேகம். இந்தப் பாடத்தைப் பையன்களோடு சேர்த்து நடத்தினால் ஊரில் பெற்றோர் சண்டைக்கு வர மாட்டார்களா?

பழைய ஹெச்செம் | செவ்வாய் இரவு

வருவார்கள். அதனால்தான் முதலில் மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானமாக எழுதிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பேர் பெண்கள். அம்மாக்கள் கையெழுத்துப் போட்ட தீர்மானம் இருந்தால் ஊரில் எவரும் வாத்தியாரைத் தனியாகப் பிடித்துக் கேட்க முடியாது. இதில் தனியாக மாட்டிக்கொண்ட ஆசிரியைகளை எனக்குத் தெரியும், அப்புறம் அந்தப் பாடத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்கள்.

பி.டி. வாத்தியார் | புதன் காலை

உடல்நலம் என்று இவ்வளவு தூரம் எழுதியாயிற்று, பி.டி. பீரியடைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. வழக்கம்போலத்தான். பத்தாம் வகுப்பு டைம்டேபிளில் என் பெயர் இருக்கும், வகுப்பில் கணக்கு வாத்தியார் நிற்பார். ‘சார், போர்ஷன் முடியவில்லை’ என்பார். மறுக்கவும் முடியாது, அவருக்கும் ரிசல்ட் நெருக்கடி. வாரம் இரண்டு பி.டி. பீரியடில் யாரும் கை வைக்கக் கூடாது என்று குழுவில் எழுதிவிடுங்கள், எனக்குப் பேசத் தெம்பு வரும்.

இன்னொன்று, உதட்டுக்கடியில் வைக்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம். சிகரெட் என்றால் வாசனை வரும், பிடித்துவிடலாம். இதை வைத்துக்கொண்டு பையன் என் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான், தெரியாது. ஈறு வெளுத்துப்போன பிறகுதான் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். குட்காவும் பான்மசாலாவும் தமிழ்நாட்டில் 2013லேயே தடை. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை சிறை என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரருக்கு இது தெரியாது. நான் போய்ச் சொன்னால் ‘சார், நீங்க பாடத்தைப் பாருங்க’ என்பார். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய், முறைக்காமல், டீ வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தால் கேட்பார். உள்ளூர்க்காரர்தானே, அவர் பேரனும் அங்கேதான் படிப்பான்.

மாட்டிய பையனை என்ன செய்வது என்பதும் கேள்வி. டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளிக்குத் தொல்லை விட்டது, பையன் முழுக்கக் கெட்டான். நான் கபடி டீமில் போட்டுவிடுவேன். எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மூச்சு பிடிக்க முடியாமல் தவிக்கும்போது அவனுக்கே புரியும், சிலர் விடுகிறார்கள்.

நாங்குநேரி ரோடு | புதன் இரவு

இன்ன சாதி என்று காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிற்றைப் பற்றிப் பேசாமல் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நலம் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கலர் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

அடிதடி வரைக்கும் போவது எங்கோ ஒன்று. தினமும் நடப்பது வேறு. எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிப்பது, சத்துணவில் யார் பக்கத்தில் உட்காருவது, பஸ்ஸில் பின் சீட் யாருக்கு. வயிற்று வலி என்று அடிக்கடி லீவு போடுகிற பையனை டாக்டரிடம் கூட்டிப்போனால் வயிற்றில் ஒன்றும் இருக்காது.

வாழைத்தோப்பு | புதன் இரவு

உடல்நலம் பேசுகிற இடத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்? நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

கிராம செவிலி | வியாழன் காலை

அவர் இழுக்கவில்லை. தலைவலி, வயிற்று வலி, தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசினால் பாதி நேரம் பள்ளியில் ஏதோ ஒன்று இருக்கும். சாதி இருக்கலாம், வாத்தியார் சொன்ன ஒரு சொல் இருக்கலாம், பஸ்ஸில் எவனாவது தொந்தரவு பண்ணியிருக்கலாம். பிள்ளைகள் நேராகச் சொல்லாது. பிள்ளைகள் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி என்று பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் எந்தப் பிள்ளை போய்ப் போடும்? யார் கண்ணிலும் படாமல் போடுகிற மாதிரி ஓர் இடத்தில் வையுங்கள். திறக்கும்போது பெற்றோரில் ஒருத்தர் கூட இருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் பெண்கள் பாத்ரூம் சுவரிலும் எழுதுங்கள். அங்கேதான் தனியாக நின்று படிக்க முடியும். மனசு சரியில்லை என்றால் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பழைய ஹெச்செம் | வியாழன் மாலை

கூட்டம் நாளைக்குத்தானே. தீர்மானம் எழுதுகிற விதம் மட்டும் சொல்கிறேன். ‘மாணவர் உடல்நலம் மேம்பட ஆவன செய்யப்படும்’ என்று எழுதினால் ஆவன ஒன்றும் நடக்காது. யார், எந்தத் தேதிக்குள், எதை என்று எழுதுங்கள். தண்ணீர் ஊராட்சிக் குழாயில் வருகிறது என்றால் தொட்டி ஆபரேட்டரையே கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவருக்குப் பள்ளி நேரம் தெரியாது, தெரு ஆட்கள் சத்தம் போடுகிற நேரத்துக்குத் திறந்துவிடுவார். துப்புரவு செய்கிற அக்காவையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். சம்பளம் எத்தனை மாதம் பாக்கி என்று அவர் வாயாலேயே நோட்டில் ஏறட்டும். கிராம சபையில் அதை வைத்துக்கொண்டு பேசலாம்.

கடனாநதி | சனி காலை

கூட்டம் முடிந்தது. பேரணி உண்டு, அதைத் தடுக்க முடியவில்லை. முகாமும் உண்டு, ஆனால் போன வருஷச் சீட்டுகளைத் தேடி எடுத்துக் கூப்பிட்ட பிறகுதான் புது முகாம் என்று எழுதவைத்துவிட்டேன். சீட்டு பீரோவில் கட்டாக அப்படியே இருந்தது, தலைமையாசிரியருக்கே சங்கடமாகிவிட்டது.

மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சத்துணவு கிடையாதே, வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள், ஒன்றும் கொண்டுவராதவர்கள் என்று கலந்திருப்பார்களே என்று ஓர் ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி, பதில் இல்லை. சத்துணவில் மிச்சம் இருந்தால் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது, கணக்கில் இடிக்கும் என்றார்கள். அது அப்படியே நிற்கிறது.

ஆபரேட்டர் வந்தார். காலை பத்தே முக்காலுக்கும் மதியம் ஒரு மணிக்கும் திறந்துவிடுவதாகச் சொன்னார். தனக்கு இதுவரை யாரும் சொன்னதே இல்லை என்றார். எட்டாம் வகுப்புப் பாடத்துக்குக் கையெழுத்துப் போட்டது எல்லாம் அம்மாக்கள், அப்பாக்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு விஷயத்தை நான் எடுத்தேன், அறை அமைதியாகிவிட்டது. ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பி.டி. பீரியட் தீர்மானம் நிறைவேறியது. கணக்கு வாத்தியார் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

சுளகுக்காரி | சனி காலை

கொண்டி என்ன ஆயிற்று?

கடனாநதி | சனி மதியம்

நாலு கதவுக்கும் போடணும் அக்கா. வெல்டிங் கடைக்காரர் திங்கள்கிழமை வருகிறார், கூலி வேண்டாம், சாமான் காசு மட்டும் போதும் என்கிறார். அவர் மகளும் ஏழாம் வகுப்பு.

சுளகுக்காரி | சனி மதியம்

உள்பக்கம் போடச் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருதடவை வெளிப்பக்கம் போட்டுவிட்டுப் போனார்கள்.